என் தங்கையும் ஒகாய்சானும்

நாராவுக்கு வருகிறவர்கள் எங்கே போய் என்ன சாப்பிடலாம் என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் தெருச் சங்கத்தார் கேட்டார்கள். ரயில் நிலைய வாயிலில் நின்று பயணச்சீட்டில் துளை போட்டே ஓய்வு பெற்றவன் நான். வந்தவர் போனவர் முகமெல்லாம் பார்த்தவன் என்பதால் என்னைத் தேடி வந்திருப்பார்கள். ஆனால் எனக்குக் கடைகளைப் பற்றி எழுத வராது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்ன ஒருத்தியைப் பற்றி எழுதத்தான் வரும். அவள் என் தங்கை கினுயோ.

‘நாராவில் ருசியான பண்டம் ஒன்றுமில்லை’ என்று ஒரு சொலவடை உண்டு. வெளியூர்க்காரர்கள் கட்டிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அதை அதிகம் சொல்வது நாங்கள்தான். விருந்தாளி வாய் திறக்கும் முன்னே நம் வீட்டுப் பண்டத்தை நாமே குறைத்துச் சொல்லிவிடுவது இங்கே மரியாதை. எங்கள் அப்பாவும் அப்படித்தான். கிண்ணத்தை வழித்துக் குடித்துக்கொண்டே இந்த ஊரில் என்ன இருக்கிறது என்பார். அப்போது கினுயோ சின்னப் பெண். அப்படியென்றால் நாம் தினமும் சாப்பிடுவது என்ன என்று அவள் ஒருநாள் கேட்டாள். அது சாப்பாடு, ருசியான பண்டம் வேறு என்றார் அப்பா. அந்தப் பதில் அவளுக்குச் செரிக்கவில்லை. கடைசிவரை செரிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வாயிலில் நின்று நான் கண்டதும் அந்தச் சொலவடைக்கு ஏற்றபடிதான் இருந்தது. காலையில் கியோட்டோவிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். பெரிய புத்தரைக் கும்பிடுவார்கள். பூங்காவில் மான்களுக்குப் பிஸ்கட் கொடுப்பார்கள். வெயில் சாய்வதற்குள் ரயிலேறிவிடுவார்கள். மானின் வயிற்றை நிரப்பிவிட்டுத் தங்கள் வயிற்றை ஒசாகாவுக்குக் கொண்டுபோவார்கள். யாராவது என்னிடம் இங்கே என்ன கிடைக்கும் என்று கேட்டால் நானும் சிரித்துக்கொண்டு அந்தச் சொலவடையைச் சொல்லி அனுப்புவேன். கினுயோவுக்கு அது தெரிந்தபோது இப்படிச் சொன்னாள்: “அண்ணே, சீட்டுல துளை போடுறதுதான் உன் வேலை. ஊரு மேலயே துளை போடாதே.”

அவளிடம் கேட்டிருந்தால் மாதம் பார்த்துப் பதில் சொல்லியிருப்பாள். கோடைத் திருவிழாவுக்கு யோஷினோ மலைப்பக்கம் போனால் பெர்சிமன் பழமரத்து இலையில் சுற்றிய உப்புமீன் சோறு. சுற்றிய அன்றே பிரிக்கக் கூடாது, ஒருநாள் கல்லின் கீழ் இருக்க வேண்டும். வெயிலுக்கு மிவா ஊரின் மெல்லிய நூல்சேமியா. குளிர்காலத்தில் கசுகா கோயில் திருவிழா அன்று சேம்பும் முள்ளங்கியும் போட்ட கொழகொழவென்ற குழம்பு. எல்லாம் வீட்டுக்குள் ஆக்கும் பண்டங்கள். கடைப் பலகையில் எழுதி மாட்டும் வழக்கம் அப்போது கிடையாது.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒகாய்சான். வறுத்த தேயிலைத் தண்ணீரில் வேகும் அரிசிக் கஞ்சி. ஒகாய் என்றால் கஞ்சி. சான் என்பது மனிதர் பெயருக்குப் பின்னால் நாங்கள் போடும் மரியாதை. எங்கள் பக்கத்தில் வயிற்றுக்கு நல்லது செய்யும் எதையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். பயறும் எங்களுக்குப் பயறு ஐயாதான். கஞ்சிக்கும் அப்படியே. காலையில் கண் விழித்தால் ஒகாய்சான் ஆச்சா என்றுதான் கேட்போம்.

கினுயோ அதைச் செய்யும் விதத்தை நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். வறுத்த தேயிலையைத் துணிப்பையில் கட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போடுவாள். சாறு இறங்கியதும் பையை எடுத்துவிட்டுக் கழுவிய அரிசியைப் போடுவாள். அதன்பிறகு தீயைக் குறைக்கக் கூடாது, கரண்டி போட்டுக் கிளறவும் கூடாது. கிளறினால் பசையாகிவிடும். பொங்கி வரும் நுரையை மட்டும் எடுத்து எடுத்து விடுவாள். அரிசி வாய் பிளக்கும் நேரம் உப்புப் போட்டு இறக்கிவிடுவாள். பருக்கை தனியாக, சாறு தனியாக, சலசலவென்று இருக்கும். தொட்டுக்கொள்ள அரிசி மதுவின் கசடில் ஊறிய வெள்ளரி. என் மனைவி தொகுயே செய்தாலும் இதே அரிசி, இதே தேயிலைதான். ஆனாலும் சாறும் பருக்கையும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத கணவன் மனைவி மாதிரி இருக்கும். இதைத் தொகுயேவே சொல்லுவாள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கினுயோ கொசுவலைத் துணி நெய்யும் கூடத்துக்குப் போனாள். பஞ்சுத் தூசி அவளுக்கு ஆகவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. பிறகு சருசவா குளத்துக்குப் பின்சந்தில் இருந்த மிசுகுசா விடுதியில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். கல்யாணம் பேசி இரண்டு இடம் வந்தது. இரண்டும் ஊரை விட்டுப் போக வேண்டிய இடம் என்பதால் வேண்டாம் என்றுவிட்டாள். விடுதியின் சமையல்காரர் ஒசாகாவில் பெரிய ஓட்டலுக்குப் போன வருஷம், அடுப்பு இவள் கைக்கு வந்தது. சோறு, சூப்பு, பொரித்த மீன் என்று சாதாரண விருந்தாளிகளுக்கு அவளே ஆக்கினாள். கொஞ்சம் பெரிய மனிதர் வந்தால் முதலாளியம்மா கியோட்டோ பாணி உணவுத் தட்டுகளை வெளியிலிருந்து வரவழைப்பாள். அந்தத் தட்டுகள் வரும் நாளில் கினுயோ வீட்டுக்கு வந்ததும் பேசவே மாட்டாள். குளித்துவிட்டுப் படுத்துவிடுவாள்.

டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்த மறுவருஷம், வசந்தத்தில், முதலாளியம்மா ஒரு முடிவு சொன்னாள். விடுதிக்கு வருகிறவர்கள் தூங்கத்தான் வருகிறார்கள், சாப்பிட வெளியூர் போய்விடுகிறார்கள். ஆகவே மழைக்காலம் தொடங்குவதற்குள் சமையலறையை மூடிவிட்டு அதை இன்னொரு படுக்கையறையாக மாற்றிவிடப் போகிறேன், கினு வேண்டுமானால் அறைகளைப் பெருக்கித் துடைக்க இருக்கலாம் என்றாள்.

கினுயோவுக்கு அந்த அடுப்பைத் தவிர உலகத்தில் தனக்கென்று எதுவும் இல்லை. அன்று ராத்திரி அவள் பேசியது ஒன்றே ஒன்று. “மெத்தை விரிக்கிறது கேவலமில்லண்ணே. ஆனா என் அடுப்பு இருந்த இடத்துல மெத்தை விரிக்க என்னால ஆகாது.”

அந்த வாரத்தில்தான் டோக்கியோவிலிருந்து சுகிமோரி என்பவர் வந்தார். ஒரு பயணப் பத்திரிகைக்கு எழுதுகிறவர். பழைய நகரங்களில் எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம் என்று மாதம் ஓர் ஊர் எழுதுவாராம். முதலாளியம்மாவுக்கு நம்பிக்கை துளிர்த்தது. பத்திரிகையில் மிசுகுசாவின் பெயர் வந்தால் அடுப்பை விட்டுவைக்கலாம் என்று அவளே சொன்னாள். சொன்ன கையோடு கியோட்டோத் தட்டுகளுக்கு ஆள் அனுப்பினாள். தட்டு எடுத்துவைப்பது மட்டும் உன் வேலை, விருந்தாளியிடம் பேச்சுக் கொடுக்காதே என்று கினுயோவிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

சுகிமோரி தட்டில் இருந்ததை எல்லாம் மரியாதையாகச் சாப்பிட்டார். பிறகு முதலாளியம்மா வெளியே போன நேரம் பார்த்து, இதே தட்டை நேற்றுக் கியோட்டோவிலும் சாப்பிட்டேன் என்றார். இந்த ஊர்க்காரர்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கினுயோவிடமே கேட்டார். அவளும் நாராக்காரிதானே. பழக்கம் விடவில்லை. ஒன்றுமில்லைங்க, காலையில் எங்கள் வீட்டில் ஒகாய்சான் உண்டு, அவ்வளவுதான் என்றாள்.

டோக்கியோவில் கஞ்சிக்குச் சான் போடும் வழக்கம் இல்லை. ஒகாய் என்று யாரோ ஒரு சமையல்காரர் என்று அவர் புரிந்துகொண்டார். இவளோ அவர் கஞ்சியைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்தாள். அன்று நடந்த பேச்சை அவள் வீட்டுக்கு வந்து வார்த்தை பிசகாமல் சொன்னாள். அதனால்தான் என்னால் எழுத முடிகிறது.

“ஒகாய்சான் உங்க வீட்டுல ரொம்ப நாளா இருக்காங்களா?”

“எங்க தாத்தா காலத்துலேர்ந்துங்க. ஒகாய்சான் இல்லாம எங்களுக்குப் பொழுதே விடியாது.”

“அப்ப ரொம்பத் தளர்ந்திருப்பாங்களே.”

“எங்க வீட்டுல கொஞ்சம் மெலிசுதாங்க. ஆள் கூடிட்டா இன்னும் மெலிசாயிடும்.”

அவர் முகம் வாடியதாம். உடம்புக்கு எப்படி என்று கவலையாகக் கேட்டிருக்கிறார்.

“ஒடம்புக்கு ரொம்ப நல்லதுங்க. காய்ச்சல்ல கெடக்கறவங்ககூட ஒகாய்சானத்தான் கேப்பாங்க.”

“வைத்தியமும் தெரியுமா? சரி, வெயில் காலத்துல எப்படிச் சமாளிப்பாங்க?”

“அதுக்கென்னங்க. கயிறு கட்டிக் கிணத்துல எறக்கி வச்சிருவோம். சாயங்காலம் மேல தூக்கினா குளுகுளுன்னு இருக்கும்.”

சுகிமோரி எழுதுவதை நிறுத்திவிட்டாராம். பிறகு மெதுவாக, நான் ஒகாய்சானைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். விருந்தாளிகளுக்குக் காட்டும் அளவுக்கு இல்லைங்க என்றிருக்கிறாள் இவள், அடக்கமாக. அந்த அடக்கம்தான், வயதான சமையல்காரரை நாங்கள் வதைக்கிறோமோ என்ற அவருடைய சந்தேகத்தை உறுதி செய்துவிட்டது. எங்கள் வீடு எந்தத் தெருவில் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஏதோ மரியாதைக்குக் கேட்கிறார் என்று இவள் சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. நான்தான் திறந்தேன். கையில் இனிப்புப் பெட்டியோடு ஒரு கண்ணாடிக்காரர். நான் அப்போதும் இப்போதும் ஒல்லி. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இடுப்பு வளைய வணங்கினார். “நீங்கதான் ஒகாய்சானா? உடம்பு பரவாயில்லையா?” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே வரச் சொன்னேன். வந்தவர் உட்காராமல் முற்றத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தார். தொகுயே சமையலறையிலிருந்து, யாரோ வந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்து, குரல் கொடுத்தாள்: “வந்தவங்கள உக்காரச் சொல்லுங்க. ஒகாய்சான இப்பத்தான் அடுப்புலேர்ந்து எறக்கினோம்.”

மனிதர் வெளுத்துப்போனார். அந்த நேரம் பார்த்துக் கினுயோ இரண்டு கையிலும் பானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவரைக் கண்டதும் நின்றுவிட்டாள். விருந்தாளிக்கு முன்னால் கஞ்சிப் பானை. அவளுக்குக் காதுமடல் சிவந்துவிட்டது. அவர் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பானையைப் பார்த்தார்.

“இவருதான் ஒகாய்சானா?” என்று பானையைக் காட்டிக் கேட்டார்.

“ஆமாங்க,” என்றாள் கினுயோ.

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். கினுயோ சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு முன்னால் சாப்பிட்டுப் பாருங்கள், ஆறினால் பசையாகிவிடும் என்று கிண்ணத்தை நீட்டினாள். அவர் சாப்பிட்டார். இரண்டாம் கிண்ணத்துக்கு அவரே கையை நீட்டினார். மூன்றாவதை வாங்க வெட்கப்பட்டபோது, தயங்காதீர்கள், இது வயிற்றில் இடமே பிடிக்காது, குளத்தைச் சுற்றி ஒரு நடை போனால் பசித்துவிடும் என்று சொல்லி ஊற்றினாள். கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். இந்த ஊரில் ருசியான பண்டம் இல்லை என்று இங்கே வந்த நாளாகக் கேட்டு வருகிறேன், இருக்கிறதை நீங்கள் காட்ட மாட்டேன் என்கிறீர்கள் என்று.

கினுயோ அன்றைக்கு விடுதிக்குப் பாட்டு முனகிக்கொண்டே போனாள்.

சாயங்காலம் முதலாளியம்மா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். விசிறியும் கையுமாக, நல்ல கிமோனோவில். தன் விடுதியின் விருந்தாளி, வேலைக்காரி வீட்டில் போய்க் கஞ்சி குடித்திருக்கிறார் என்பது அதற்குள் தெருவெல்லாம் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் கோபத்தைச் சத்தமாகக் காட்டுகிறவர்கள் இல்லை. அவள் என் மனைவியின் பூந்தொட்டியைப் புகழ்ந்தாள். தேநீரைப் புகழ்ந்தாள். பிறகு கினுயோ பக்கம் திரும்பினாள்.

“உங்க வீட்டுக் கஞ்சி டோக்கியோ வரைக்கும் போயிடுச்சாமே கினு. கொடுத்து வச்சவங்க. எங்க தட்டெல்லாம் குளத்தைத் தாண்டலே.” விசிறியை மடித்து வைத்தாள். “பாவம், நீயும் ரொம்பக் களைச்சிருப்பே. நாளையிலேர்ந்து வீட்டுலயே இருந்து உடம்பப் பாத்துக்க.”

வெளியூர்க்காரர் இதைக் கேட்டால் எவ்வளவு கருணை என்று நினைப்பார். எங்களுக்கு அர்த்தம் தெரியும். வேலை போய்விட்டது. மழைக்காலம்வரைகூட விட்டுவைக்கவில்லை. கினுயோ தரையில் கை ஊன்றி வணங்கினாள். முதலாளியம்மா போன பிறகு எழுந்து, காலையில் கழுவி வைத்திருந்த பானையை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

பத்திரிகை வந்தது கோடைத் தொடக்கத்தில். நிலையத்துப் புத்தகக் கடையில் நான்தான் முதல் பிரதியை வாங்கினேன். சுகிமோரி என்ன எழுதினாரோ, டோக்கியோ அலுவலகத்தில் யாரோ அதைத் திருத்தியிருக்கிறார்கள். பண்டத்துக்குச் சான் வருமா, இது ஆளின் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அச்சில் இப்படி வந்திருந்தது: ‘நாராவில் காலை உணவுக்கு மிசுகுசா விடுதியின் ஒகாய் அம்மையாரைத் தேடிப் போங்கள். மெலிந்தவர். உடம்புக்கு நல்லது செய்பவர். கோடையில் குளிர்ச்சியாக இருப்பார்.’

கினுயோ அதைப் படித்துவிட்டு, கடைசியில் என்னையே கிணற்றில் இறக்கிவிட்டார்கள் அண்ணே என்றாள். வேலை போன பிறகு அன்றுதான் அவள் சிரித்து நான் கேட்டேன்.

ஆனால் ஆட்கள் வந்தார்கள். ரயிலிலிருந்து இறங்கி என்னிடமே விடுதிக்கு வழி கேட்டார்கள். முதலில் வந்த தம்பதியிடம் முதலாளியம்மா அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் முகம் தொங்கத் திரும்பி வந்து கியோட்டோ ரயிலேறினார்கள். அடுத்து வந்த ஆசிரியைகள் கூட்டத்திடம், ஒகாய்க்கு உடம்பு சரியில்லை என்றாளாம். அவர்கள் நலம் விசாரித்துப் பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பழத்தை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பொய்க்கு வந்த பழம்.

ஒருநாள் காலை, நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம், முதலாளியம்மா எங்கள் வாசலில் நின்றாள். இந்தப் பக்கமாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்றாள். எங்கள் தெரு வழியாக எந்தக் கோயிலுக்கும் போக முடியாது. பழக்கூடையைத் தொகுயேவிடம் கொடுத்தாள். கினுயோ ஒன்றும் கேட்காமல் ஒரு கிண்ணம் ஊற்றி, வெள்ளரி ஊறுகாயோடு அவள் முன்னால் வைத்தாள்.

அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தான். பெரிய விடுதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு காலையில் கஞ்சி குடிப்பதையே விட்டுவிட்டவள். கிண்ணத்தை எடுத்தாள். விசிறி மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. சாறு முழுவதையும் குடித்துவிட்டு, அடியில் இருந்த பருக்கையைக் குச்சியால் ஒன்றொன்றாக எடுத்தாள். தன் அம்மாவும் இப்படித்தான் வெள்ளரிக்காயை ரொம்ப மெல்லிசாக வெட்டுவாள் என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு தணிவை அதுவரை நான் கேட்டதில்லை.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“விடுதிக்கு ஒகாய்னு ஒரு ஆள் வேண்டியிருக்கு கினு. உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லு.”

இதற்கு மேல் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி இறங்கி வர முடியாது. சரி என்று சொல்லு என்று நான் கினுயோவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“தெரிஞ்சவ ஒருத்தி இருக்காம்மா,” என்றாள். “ஆனா அவ வந்தா அடுப்பு அங்கதான் இருக்கணும். வெளித் தட்டு உள்ள வரக் கூடாது. வர்றவங்க என்ன இருக்குன்னு கேட்டா, ஒண்ணுமில்லைன்னு யாரும் சொல்லக் கூடாது. நீங்களும் சொல்லக் கூடாது.”

முதலாளியம்மா கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“மத்ததெல்லாம் சரி. அந்தக் கடைசி ஒண்ணுதான் கஷ்டம். பொறந்ததுலேர்ந்து அப்படியே பேசிப் பழகிட்டேன்,” என்றாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “உப்பு ஒரு கல்லு கம்மி,” என்றாள்.

“ஒரு கல்லு கம்மியாத்தாம்மா போட்டேன். ஊறுகாய் இருக்குல்ல,” என்றாள் கினுயோ.

மறுநாள் இருட்டோடு எழுந்து அவள் விடுதிக்குப் போனாள். சமையலறை படுக்கையறை ஆகவில்லை. விருந்தாளிகள் அவளை ஒகாய் அம்மா என்று கூப்பிட்டார்கள். அவளும் ஏன் என்று கேட்காமல் திரும்பிப் பார்த்தாள். விடுதி விற்கப்படும்வரை அவள் கையால்தான் அங்கே காலை விடிந்தது. குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்து மறுபடி பசிக்கிறது என்று நின்ற விருந்தாளிகளை நானே பார்த்திருக்கிறேன். மத்தியானத்துக்கு மேல் ரயிலேறுகிறவர்கள் குறைந்தார்கள் என்று சொன்னால் பெருமைக்குச் சொல்கிறேன் என்பீர்கள். ஆனால் வாயிலில் நின்றவன் நான்.

அவள் போகும்போது எங்கள் பானையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புதுப்பானை பழகவில்லை, நுரை வேறு மாதிரி வருகிறது என்றாள். தொகுயே கொஞ்ச நாள் வேறு பானையில் முயன்று பார்த்தாள். பிறகு தெருமுனைக் கடையில் ரொட்டி வாங்க ஆரம்பித்தாள். நாராவிலேயே மிக நல்ல ஒகாய்சான் யார் வீட்டில் என்று பயணிகள் என்னிடம் கேட்பார்கள். மிசுகுசாவுக்கு வழி சொல்லிவிட்டு, காலையில் தின்ற ரொட்டித் தூளைச் சட்டையிலிருந்து தட்டிக்கொள்வேன்.